வரப்புக்கு அந்தப் பக்கம்: பூச்சி கேள்வி பதில்

போன இதழில் கோயில்காடுகளைப் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த மாதம் பாதிக்கு மேல். "காட்டிலிருந்துதான் எங்கள் வயலுக்குப் பூச்சி வருகிறது" என்று ஒரு கட்சி, "காடு இருந்தால்தான் தேனீ வரும்" என்று இன்னொரு கட்சி. இரண்டு பேர் சொல்வதும் சரிதான், சிக்கலே அதில்தான் இருக்கிறது. அதனால் வேறு கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இந்த மாதம் இதையே எடுத்துக்கொள்கிறேன். கரையான் பற்றிக் கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம், அடுத்த மாதம் உண்டு.

ஐயா, எங்களுக்கு நாலு ஏக்கர் மாந்தோப்பு. கிழக்கு ஓரத்தில் கோயில்காடு, அதை ஒட்டி ஒரே புதர். தத்துப்பூச்சி அங்கிருந்துதான் வருகிறது, ஜேசிபி விட்டு ஓரத்தைச் சுத்தமாக வழித்துவிடு என்று பக்கத்துத் தோப்புக்காரர்கள் சொல்கிறார்கள். சாமி காடு என்பதால் பயமாகவும் இருக்கிறது. என்ன செய்யட்டும்?
– நத்தம் பக்கம் ஒரு மா விவசாயி

ஜேசிபிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா? கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள்.

முதலில் தத்துப்பூச்சி, அதாவது மாம்பூங்கொத்தில் சாறு உறிஞ்சுகிற சின்னப் பூச்சி. அது பூ இல்லாத மாதங்களில் எங்கே இருக்கிறது என்று பார்க்க நீங்கள் கோயில்காட்டுக்குள் போகவே வேண்டாம், உங்கள் மாமரத்தின் அடிமரத்திலேயே பாருங்கள். பட்டை வெடிப்புக்குள்ளும் உள்கிளை இலைகளுக்கு அடியிலும் ஆப்பு மாதிரி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மார்கழி தையில் பூங்கொத்து நீள ஆரம்பித்ததும் அங்கிருந்து மேலே ஏறிவிடும். அதன் குடியிருப்பே மாமரம்தான், வீரை மரத்திலோ காசா மரத்திலோ அதற்கு வேலை இல்லை. வெயில் உள்ளே விழாமல் கிளை அடர்ந்த தோப்புகளில்தான் அது பெருகும். அதனால் ஜேசிபிக்கு வைத்திருக்கிற பணத்தில் அறுவடை முடிந்ததும் ஆள் விட்டுக் கவாத்து செய்யுங்கள்.

இப்போது அந்தப் புதருக்கு வருவோம். மாம்பூவைக் கையில் எடுத்துக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு பூங்கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ, ஒவ்வொன்றும் மிளகு அளவு, தேன் ஆழத்தில் இல்லாமல் தட்டில் ஊற்றிவைத்த மாதிரி மேலாகவே இருக்கும். நீளமான நாக்கு இல்லாதவர்களுக்கு வைத்த விருந்து அது, அதாவது ஈக்களுக்கு. பளபளவென்று பச்சை நிறத்தில் வரும் பிண ஈ, அந்தரத்தில் நின்று நின்று பறக்கும் சிர்பிட் ஈ, சின்னக் குளவிகள், எறும்பு, கொசுத்தேனீ எல்லாம் அதில் உட்காரும். அந்த ஆயிரத்தில் நூற்றில் ஒன்றுகூட காயாவதில்லை, அந்த ஒன்றாவது ஆக வேண்டுமானால் இந்தக் கூட்டம் வந்து போக வேண்டும். தைவானில் மாந்தோப்புக்காரர்கள் பூக்கும் காலத்தில் மீன் கழிவை வைத்து ஈயை வளர்த்தே விடுகிறார்கள், நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு.

இந்த ஈயும் தேனீயும் வருடம் முழுவதும் எங்கே குடியிருக்கும்? மாம்பூ மூன்று நாலு வாரம். மீதி நாள் முழுவதும் தோப்பு அவர்களுக்குக் காலி வீடு. பங்குனி சித்திரையில் வேம்பும் புங்கமும் நாவலும் பூக்கும், அதன் பிறகு புளி, மழைக்குப் பின் செடிகொடிகள். இந்த வரிசை கோயில்காட்டிலும் அதன் ஓரப் புதரிலும்தான் இருக்கிறது. கொசுத்தேனீக்கு மரப்பொந்து வேண்டும். சிர்பிட் ஈயில் பல வகைக்குக் குஞ்சுப் பருவத்தில் அசுவினி (செடிச்சாறு உறிஞ்சும் பேன் மாதிரிப் பூச்சி) தின்னக் கிடைக்க வேண்டும். வழித்துப்போட்ட தரையில் இதெல்லாம் எங்கே இருக்கும்?

உங்கள் மாவட்டத்திலேயே அழகர்மலைக் காட்டுக்குப் பக்கத்தில் காசம்பட்டி வீரகோயில் காடு இருக்கிறது. 2025-இல் தமிழ்நாட்டின் இரண்டாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள் (முதலாவது மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டி, 2022). மொத்தமே 4.97 ஹெக்டேர், நம் கணக்கில் பன்னிரண்டு ஏக்கர் சொச்சம், சுற்றிலும் மாந்தோப்பு. பன்னிரண்டு ஏக்கர் என்பது காட்டு இலாகாக் கணக்கில் ஒன்றுமே இல்லை. ஒரு கொசுத்தேனீக் கூட்டத்துக்கு அது ஒரு மாவட்டம்.

எவ்வளவு தூரம் வரும் என்று கேட்பீர்கள். ஐந்து கண்டங்களில் 16 பயிர்களில் நடந்த 23 ஆய்வுகளைச் சேர்த்துப் போட்டு 2008-இல் ஒரு கணக்கு வெளியானது. இயற்கையான காட்டிலிருந்து விலக விலகப் பூவுக்கு வரும் பூச்சி குறைகிறது, சுமார் 600 மீட்டரில் பாதியாகிவிடுகிறது, நம்மைப் போன்ற வெப்பநாடுகளில் இறக்கம் இன்னும் செங்குத்து. உங்கள் நாலு ஏக்கர் சதுரமாக இருந்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு 130 மீட்டர்கூட வராது. ஆக, காட்டை ஒட்டிய உங்கள் தோப்பில் ஒரு மரம்கூட அந்த எல்லைக்கு வெளியே இல்லை. ஓரத்தை வழிக்கச் சொல்கிற பக்கத்துத் தோப்புக்காரர்களும் அந்தப் புதர் அனுப்புகிற ஈயில்தான் காய் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைச் சமயம் பார்த்துச் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்காவின் பெரிய மாந்தோப்புகளிலும் இதே கதைதான், காட்டிலிருந்து தள்ளிப்போகப் போகக் காய்ப்பு குறைந்தது. அங்கே தோப்புக்குள் பயிர் வைக்க உதவாத இடங்களில் நாட்டுப் பூச்செடிகளை வைத்துப் பார்த்தார்கள், பூச்சியும் கூடியது காயும் கூடியது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பல வருடம் முன்பு ஒரு மருந்துக்கடைக்காரர் பேச்சைக் கேட்டு, பூ முழுக்க விரிந்து நிற்கும் நேரத்தில் காலை பத்து மணிக்கு நானே நின்று மருந்து அடித்தேன். தத்துப்பூச்சி செத்தது. மறுநாள் தோப்புக்குள் போனால் வழக்கமான இரைச்சல் இல்லை, தரையில் பச்சை ஈ மல்லாந்து கிடந்தது. அந்த வருடம் பிஞ்சைவிடக் காம்புதான் அதிகம். அடிப்பதானால் பூங்கொத்து நீளும்போதே தட்டிப் பார்த்து, இருந்தால் அடியுங்கள். பூ விரிந்தபின் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

இந்த மாதிரி பேச்செல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு காடு இருப்பதால் ஒரு விவசாயிக்கு இத்தனை ரூபாய் லாபம் என்று யாராவது கணக்குக் காட்டியிருக்கிறார்களா?
– ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு வாசகர்

காட்டியிருக்கிறார்கள், ஆனால் முழுக் கதையையும் கேட்க வேண்டும். கோஸ்டாரிகாவில் ஒரு பெரிய காப்பித் தோட்டம், பக்கத்தில் 46 ஹெக்டேரும் 111 ஹெக்டேருமாக இரண்டு காட்டுத் துண்டு. 2004-இல் வந்த ஆய்வு: காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் காப்பியில் விளைச்சல் 20 சதவீதம் கூடுதல், இரண்டு கொட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைக் கொட்டையாகிப்போகும் காய் கால்வாசிக்கு மேல் குறைவு. அந்த இரண்டு துண்டுக் காட்டின் தேனீக்கள் அந்த ஒரு தோட்டத்துக்கு வருடத்துக்குச் சுமார் 60,000 டாலர் சம்பாதித்துக் கொடுத்தன என்று கணக்குப் போட்டார்கள். உலகம் முழுக்க மேடையில் பேசினார்கள்.

அப்புறம் காப்பி விலை படுத்தது. தோட்டக்காரர் காப்பியைப் பிடுங்கிவிட்டு அன்னாசி போட்டார். அன்னாசிக்குத் தேனீ தேவையில்லை. காடு அங்கேயேதான் இருந்தது, தேனீயும் இருந்தது, கணக்குப் புத்தகத்தில் மட்டும் 60,000 பூஜ்யமாகிவிட்டது. அதனால் ரூபாய்க் கணக்கை ஒரு அளவுக்கு மேல் நான் சுமப்பதில்லை. உங்கள் ஊரில் அது முருங்கைக்கும் பூசணிக்கும் ஒரு மாதிரி இருக்கும், மக்காச்சோளத்துக்கு வேறு மாதிரி இருக்கும், ஏனென்றால் மக்காச்சோளத்துக்குக் காற்று போதும்.

சார், மாதுளை பழுக்கிற நேரம் பார்த்து இரவோடு இரவாக ஊசி குத்தின மாதிரி ஓட்டை விழுகிறது. அமுக்கினால் சாறு பீச்சுகிறது, இரண்டு நாளில் அந்த இடம் அழுகி விழுந்துவிடுகிறது. பகலில் ஒரு பூச்சியும் கண்ணில் படவில்லை. மலையடிவாரம் என்பதால் காட்டிலிருந்து வருகிறதோ?
– உடுமலை பக்கம் ஒரு விவசாயி

காட்டிலிருந்துதான் வருகிறது. மேலே மா விவசாயிக்குச் சொன்னதை வைத்து "காடு என்றால் நல்லதே" என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம் என்பதற்காகவே உங்கள் கடிதத்தை அடுத்து வைத்தேன்.

அழுகிய இடத்தைப் பிளந்து பாருங்கள். உள்ளே புழு நெளிந்தால் பழ ஈ. புழுவே இல்லையென்றால் உங்கள் விருந்தாளி பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி. இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் வரிசையில் நடந்து பாருங்கள். பழத்தின் மேல் காய்ந்த இலை ஒன்று ஒட்டியிருக்கும், டார்ச் பட்டதும் அந்த இலையில் இரண்டு கண் தணல் மாதிரி மின்னும். விரலால் தொட்டால் மேல் இறக்கை விலகி உள் இறக்கை தெரியும், ஆரஞ்சு நிறத்தில் கறுப்புத் திட்டு. முதல்முறை பார்ப்பவர்கள் பயந்து பின்வாங்குவார்கள். மற்ற அந்துப்பூச்சிகளின் உறிஞ்சுகுழல் நூல் மாதிரி மெத்தென்று இருக்கும், இதற்கு மட்டும் நுனியில் முள்ளும் ரம்பமும் வைத்த துளைகருவி. மாதுளைத் தோலெல்லாம் அதற்குத் தூசு.

இதன் புழு உங்கள் மாதுளையில் ஒரு இலையைக்கூடத் தின்னாது. அது வளர்வது சீந்தில் கொடியிலும் கட்டுக்கொடியிலும். இரண்டுமே காட்டோரத்திலும் வேலியிலும் படர்கிற கொடிகள். பிறப்பு வேலியில், சாப்பாடு தோட்டத்தில், பகல் தூக்கம் மறுபடி புதரில். இப்படி வாழ்க்கையை இரண்டு வீட்டில் பிரித்துவைத்திருக்கிற பூச்சியை ஒரு வீட்டில் மட்டும் துரத்தினால் தீராது.

சீந்திலை வேரோடு பிடுங்கு என்றுதான் வழக்கமான சிபாரிசு. தோட்டத்தை ஒட்டிய வேலியில் இருப்பதை எடுங்கள், தப்பில்லை. ஆனால் இந்த அந்து நன்றாகப் பறக்கக்கூடியது, மலையடிவாரம் முழுக்கச் சீந்திலைப் பிடுங்கப் போனால் உங்கள் ஆயுசு போதாது. நானாக இருந்தால் வேலியில் இரண்டு கொடியை விட்டுவைத்து வாரம் ஒருமுறை அதைப் புரட்டிப் பார்ப்பேன். பக்கவாட்டில் கண் மாதிரிப் புள்ளி வைத்து, தலையை மடக்கிக்கொண்டு வளைந்து நிற்கிற புழு தெரிந்தால் பொறுக்கிவிடுவேன். மற்றபடி பழத்துக்கு உறை போடுவதுதான் நம்பகமான வழி, கூலி அதிகம்தான். விழுந்த பழத்தைத் தோட்டத்திலேயே கிடக்க விடாதீர்கள், அந்த வாசனைதான் அடுத்த இரவுக்கு அழைப்பிதழ். சாயங்காலம் புகை போடுவதும் கொஞ்சம் உதவும்.

நிலக்கடலையில் வேர்ப்புழு. வரப்பில் இருக்கிற வேம்பு, வேலமரம் எல்லாவற்றையும் வெட்டினால்தான் தீரும் என்கிறார்களே?
– திண்டிவனம் பக்கம் ஒரு விவசாயி

வெட்டாதீர்கள் ஐயா, அந்த வேம்புதான் உங்கள் பொறி.

வேர்ப்புழுவின் தாய் தகப்பன் பழுப்பு நிற வண்டுகள். வருடத்துக்கு ஒரே தலைமுறை. கோடை முழுக்க மண்ணுக்குள் வண்டாகவே காத்துக் கிடக்கும். முதல் நல்ல மழை பெய்து மண் நனைந்த அன்று இருட்டும் நேரத்தில் வயலிலிருந்து கூட்டமாகக் கிளம்பி நேரே பக்கத்து வேம்பு, முருங்கை, வேலமரத்துக்குப் போகும். இரவெல்லாம் அங்கேயே இலை தின்று, ஜோடி சேர்ந்து, விடிவதற்குள் திரும்பி மண்ணுக்குள் போய்விடும். பிறகு முட்டை, அதிலிருந்து உங்கள் கடலை வேரைத் தின்கிற வெள்ளைப் புழு. வயலில் அது தூரம் தூரமாகப் பிரிந்து கிடக்கும்போது நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அந்த சில இரவுகளில் மட்டும் ஊர் வண்டு முழுக்க நாலு மரத்தில் குவிந்திருக்கிறது.

மழை விட்ட அன்று சாயங்காலம் ஏழரை எட்டு மணிக்கு மரத்தடியில் நின்று பாருங்கள், மெல்லிய இரைச்சலோடு தலைக்கு மேல் வந்து விழும். கீழே தார்ப்பாய் விரித்துக் கிளையைக் குலுக்குங்கள், ஆலங்கட்டி விழுகிற மாதிரிச் சத்தம் கேட்கும். கொட்டியதை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுங்கள். அடுத்தடுத்து சில இரவு செய்ய வேண்டும், அதுவும் ஊரே சேர்ந்து செய்ய வேண்டும். நீங்கள் ஒருவர் மட்டும் செய்தால் பக்கத்து வயல் வண்டு உங்கள் மண்ணில் வந்து முட்டையிடும். விளக்குப்பொறி வைத்தாலும் சரி. மரத்தை வெட்டினால் வண்டு பட்டினி கிடக்காது, அடுத்த மரத்துக்குப் பறந்துபோகும், உங்களுக்குத்தான் அதைப் பிடிக்க இடம் இல்லாமல் போகும்.

வணக்கம். எட்டாம் வகுப்பு மாணவர்கள் கேட்ட கேள்வி இது: வயலில் பிடித்த ஒரு பூச்சி காட்டிலிருந்து வந்ததா, வயலிலேயே இருந்ததா என்று எப்படித் தெரியும்? என்னால் பதில் சொல்ல முடியவில்லை.
– புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியை

உங்கள் மாணவர்களுக்கு என் சலாம் சொல்லுங்கள் டீச்சர். இந்தத் துறையில் இருக்கிறவர்கள் பாதி நேரம் மண்டையை உடைத்துக்கொள்வதே இதில்தான்.

எனக்கு மிகவும் பிடித்த வழி முட்டை வெள்ளைக்கரு. நிஜமாகத்தான். காட்டோரச் செடிகள்மேல் முட்டை வெள்ளைக்கருவைத் தண்ணீரில் கலந்து ஸ்பிரேயரில் அடிப்பார்கள், வயலில் பால் அடிப்பார்கள். அந்தச் செடியில் உட்கார்ந்த, நடந்த பூச்சியின் மேலெல்லாம் அது துளி ஒட்டிக்கொள்ளும். நாலைந்து நாள் கழித்து வயலில் பூச்சியைப் பிடித்துச் சோதனைக்கூடத்தில் பார்த்தால், முட்டைப் புரதம் இருந்தால் காட்டுக்காரர், பால் புரதம் இருந்தால் வயல்காரர், இரண்டும் இருந்தால் இரண்டு வீட்டுப் பிள்ளை.

இன்னொன்று பூச்சியின் உடம்பிலேயே எழுதியிருப்பதைப் படிப்பது. மக்காச்சோளம், கரும்பு, சோளம் எல்லாம் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்கிற முறை மற்ற பெரும்பாலான செடிகளிலிருந்து வேறு, அதனால் அவற்றில் கன கார்பனும் லேசான கார்பனும் கலந்திருக்கிற விகிதமும் வேறு. புழுவாக இருந்தபோது மக்காச்சோளம் தின்ற அந்துப்பூச்சியின் இறக்கைத் துணுக்கை அளந்தால் அந்த விகிதம் அப்படியே இருக்கும். பருத்தி வயலில் பிடிபட்ட காய்ப்புழு அந்து எங்கே சாப்பிட்டு வளர்ந்தது என்று இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் செய்ய ஒன்று சொல்கிறேன். கெட்டியான கண்ணாடி பிளாஸ்டிக் தாளை இரண்டு குச்சிக்கு நடுவில், காட்டுக்கும் வயலுக்கும் நடுவரப்பில் கதவு மாதிரி நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் ஆமணக்கெண்ணெய் தடவுங்கள். காட்டைப் பார்த்த பக்கத்தில் ஒட்டுவது காட்டிலிருந்து வயலுக்குக் கிளம்பியது, வயலைப் பார்த்த பக்கத்தில் ஒட்டுவது எதிர்த் திசை. மஞ்சள் அட்டை வேண்டாம். மஞ்சள் நிறம் பூச்சியைத் தானாக இழுக்கும், போகிற வழியில் போனது எது, ஆசைப்பட்டு வந்தது எது என்று பிரிக்க முடியாது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை எண்ணச் சொல்லுங்கள். பிறகு பக்கத்து வயலில் அறுவடை நடக்கிற அன்றும் எண்ணச் சொல்லுங்கள். மாணவர்கள் உங்களிடம் ஓடிவருவார்கள்.

அறுவடை அன்று வயலில் இருந்த பூச்சியெல்லாம் எங்கே போகும்? பயிரில்தான் நாங்கள் மருந்து அடிக்கிறோம், அதனால் காட்டுக்கு ஏதாவது கெடுதல் உண்டா?
– மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி

மேலே ஆசிரியைக்குச் சொன்ன "அறுவடை அன்று எண்ணுங்கள்" என்பதன் மறுபாதி உங்கள் கேள்வி, நல்லவேளை கேட்டீர்கள். எல்லாரும் காட்டிலிருந்து வயலுக்கு என்ன வருகிறது என்றே கேட்கிறார்கள், வயலிலிருந்து காட்டுக்கு என்ன போகிறது என்று கேட்டது இந்த மாதம் நீங்கள் ஒருவர்தான்.

அறுவடை இயந்திரம் வயலில் இறங்கும்போது பின்னால் கொக்கும் கரிச்சான் குருவியும் எதற்கு நடக்கிறது? ஒரே நாளில் வீடு இழந்த வெட்டுக்கிளியும் பொறிவண்டும் அந்துப்பூச்சியும் எழுந்து பறக்கிறது, அதற்குத்தான். தப்பியதெல்லாம் பக்கத்தில் எது பச்சையோ அதில் ஏறும். வரப்பு, வாய்க்கால் ஓரம், ஐயனார் கோயில் தோப்பு. பொறிவண்டு, சிலந்தி, ஒட்டுண்ணிக் குளவி எல்லாம் அடுத்த சாகுபடி வரை அங்கே தங்கிவிட்டுப் பிறகு திரும்பி வருவது நமக்கு லாபம். ஆனால் தோப்பின் பக்கம் நின்று பாருங்கள்: வயலில் அசுவினியைத் தின்று ஏராளமாகப் பெருகிய ஒரு படை, ஒரே நாளில் ஒரு சின்னத் தோப்புக்குள் பசியோடு இறங்குகிறது. அங்கேயே பிறந்து வளர்ந்த புழு பூச்சிக்கு அன்று கெட்ட நாள். வயலில் நாம் "நன்மை செய்யும் பூச்சி" என்று கொண்டாடுகிற அதே பூச்சிதான். தோப்பு சின்னதாக இருக்க இருக்க நடுப்பகுதி என்று ஒன்றே இல்லாமல் எல்லாமே ஓரமாகிவிடும், அதனால் இந்த அடி ஆழம் வரை போகும்.

மருந்தும் அப்படித்தான். காற்று அடிக்கிற நேரத்தில் பவர் ஸ்பிரேயர் வைத்தால் வரப்போடு நிற்குமா? அது போக, தேனீ வயலில் விஷம் குடித்துவிட்டுப் போய்ச் சாகிற இடம் தோப்பு. உங்கள் வயலில் நீங்கள் பிணம் பார்க்க மாட்டீர்கள், "எங்கள் மருந்தில் ஒன்றும் சாகவில்லையே" என்று தோன்றும். காற்று அடங்கின சாயங்காலம், தோப்பை ஒட்டி நாலைந்து வரிசை விட்டு அடியுங்கள். தோப்பின் இரண்டு பக்கத்து வயலையும் ஒரே நாளில் அறுக்காமல் ஒரு துண்டை நாலு நாள் தள்ளி அறுக்க முடிந்தால் இன்னும் நல்லது. டெல்டாவில் மிஷின் கிடைக்கிற நாளில்தானே அறுப்பு, அதனால் இதைச் சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது.

அண்ணா, பசுந்தாள் உரத்துக்காக சணப்பு விதைத்தேன். ஐப்பசியில் திடீரென்று கறுப்பில் நீலக் கோடு போட்ட பட்டாம்பூச்சி நூற்றுக்கணக்கில் வந்து மொய்க்கிறது. பூவைவிடக் காய்ந்த தண்டில்தான் அதிகம் உட்கார்கிறது. பயிருக்கு ஆபத்தா?
– கோபிசெட்டிபாளையம் பக்கம் ஓர் இளைஞர்

ஒரு ஆபத்தும் இல்லை தம்பி, ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். அது நீல வரியன். கூடவே வெள்ளைப் புள்ளி வைத்த கறுப்புப் பட்டாம்பூச்சி இருந்தால் வெண்புள்ளிக் கருப்பன். கோடை முடிவில், தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால், மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சமவெளிக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் கிளம்பும். ஐப்பசி கார்த்திகை வாக்கில், வடகிழக்கு மழை பிடிப்பதை ஒட்டி, மேற்கே திரும்பும். உங்கள் வயல் அந்தத் திரும்புகிற பாதையில் ஒரு சத்திரம்.

காய்ந்த தண்டில் உட்கார்வது தேனுக்காக இல்லை. சணப்பு, கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு இந்த மாதிரிச் செடிகளில் ஒரு கசப்பு விஷம் இருக்கிறது. ஆண் பட்டாம்பூச்சி காய்ந்த, அடிபட்ட இடத்தில் அதை ஊறவைத்து உறிஞ்சும். பெண்ணைக் கவர்கிற வாசனையை அதிலிருந்துதான் அது தயாரிக்க முடியும். குருவி தின்னாமல் இருக்கவும் அந்தக் கசப்பு உதவும். ஆக உங்கள் வயலில் நடப்பது கல்யாணச் சந்தை மாதிரி, மாப்பிள்ளைகள் அத்தர் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். முட்டை மட்டும் இங்கே வைக்காது. நீல வரியனுக்குக் குறிஞ்சான் வகைக் கொடி வேண்டும், வெண்புள்ளிக் கருப்பனுக்கு நன்னாரியோ அரளியோ ஆலமரமோ வேண்டும், அதற்கு மறுபடி வேலியும் காடும்தான். சணப்பை மடக்கி உழும்போது வேலியோரம் ஒரு வரிசையை மட்டும் விட்டுவிட முடியுமா?

கத்தரிப்பூவில் தேனீ உட்காரவே மாட்டேன் என்கிறது. தேனீப் பெட்டி வைத்தும் பயனில்லை.
– நிலக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்

பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கத்தரிப்பூவின் மகரந்தம் உப்பு டப்பா மாதிரி நுனியில் ஓட்டை வைத்த குழலுக்குள் இருக்கிறது, உலுக்கினால்தான் கொட்டும். வயிற்றில் நீலப் பட்டை போட்ட குண்டுத் தேனீயும் பெரிய கறுப்பு மரத்துளைத் தேனீயும் பூவைக் கட்டிப்பிடித்துத் தொங்கிக்கொண்டு "ர்ர்ர்ர்" என்று அதிர்வு கொடுக்கும், இரண்டடி தள்ளி நின்றாலும் காதில் விழும். பறக்கும்போது கேட்கிற சத்தத்தைவிட அது கீச்சென்று இருக்கும். ஒன்று மண்ணில் வளை தோண்டும், மற்றொன்றுக்குப் பட்டுப்போன கட்டையோ காய்ந்த மூங்கிலோ போதும். வேலியில் செத்த கிளை நின்றால் விறகுக்கு இழுக்காதீர்கள்.

போன இதழில் "கொம்புத்தேனீ மரப்பொந்தில் அடை கட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டு எலுமிச்சைக் கிளையில் வெட்டவெளியில் தொங்குகிறதே!
– கம்பத்திலிருந்து ஒரு பாட்டி

தப்பு என்னுடையது பாட்டி. பொந்தில் அடுக்கடுக்காகக் கட்டுவது பொந்துத்தேனீ, கொம்பில் ஒற்றை அடையாகக் கட்டுவது கொம்புத்தேனீ. பெயரிலேயே இருக்கிறதைக்கூட மாற்றி எழுதியிருக்கிறேன். எலுமிச்சை பறிக்கும்போது அந்தக் கிளையை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள், பேரப்பிள்ளைகளிடமும்.